ஈரலுக்குக் கொடுத்த திகதி

பெப்ரவரி 12

காலையில் பனி, பிறகு நல்ல வெயில். தெஹியோவிட்டயிலிருந்து முதல் பஸ், அவிசாவளையில் மாறி கொழும்பு. தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவுக்கு லீவு சொல்லியாயிற்று. கூட வேலை செய்கிற மல்லிகா பார்த்துக்கொள்வாள். பிள்ளைகள் தலையில் பேன் இருக்கிறது, அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கிளினிக்கில் ஆபரேசன் டாக்டர். பெண். என்னைவிட இளையவர். சிங்களத்தில், மெதுவாக, புரிகிறதா என்று இடையிடையே கேட்டுக் கேட்டு. என் வீட்டுக்காரருக்குப் பெருங்குடலில் கட்டி, புற்றுநோய்தான் என்றார். ஈரலுக்கும் போயிருக்கிறது. ஈரலின் வலது பக்கம், இரண்டு இடம்.

இவர் வாயைத் திறக்கவில்லை. ருவான்வெல்லை பசாரில் இவர் சிங்களம் பேசினால் தமிழன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அங்கே சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதெல்லாம் நான், என் அரைகுறைச் சிங்களத்தில்.

மூன்று வழி இருக்கிறதாம். டாக்டர் ஒரு தாளின் பின்பக்கம் குடலும் ஈரலும் வரைந்து காட்டினார். குடல் நன்றாக வந்தது. ஈரல் பலாச்சுளை மாதிரி. மகள் நிரோஷாவுக்குச் சொல்ல வேண்டும், அதனால் மறக்காமல் எழுதுகிறேன்.

முதல் வழி: முதலில் குடல். அது ஆறியதும் மருந்து ஏற்றி, பிறகு ஈரல். ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய வெட்டு. ஆனால் குடல் ஆறும்வரை ஈரலில் உள்ளது சும்மா இருக்காது, வளரலாம்.

இரண்டாவது: முதலில் மருந்தும் ஈரலும், குடல் கடைசியில். ஈரல்தான் பெரிய ஆபத்து, குடல் தொந்தரவு செய்யவில்லை என்றால் இது. இவருக்குக் குடல் பாதிக்கு மேல் அடைத்துக் கிடக்கிறது. ஈரலைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது குடல் முழுதாய் அடைத்தால் அவசர அவசரமாக வயிற்றைத் திறக்க வேண்டி வரும்.

மூன்றாவது: இரண்டும் ஒரே நாள், ஒரே மயக்கம். ஈரலில் சின்னத் துண்டு எடுப்பதென்றால் சரி. இவருக்கு வலது பக்கம் முழுவதும் எடுக்க வேண்டும். அதோடு குடலும் என்றால் மெலிந்த உடம்பு தாங்காது. உள்தையல் விட்டுப்போனால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம்.

எந்த வழியில் போனாலும், முடிக்கிறவர்களுக்கு ஆயுசு ஏறக்குறைய ஒன்றுதானாம். எது யாருக்கு என்பது உடம்பைப் பொறுத்தது என்றார். சேலைக் கடையில் விரிப்பதுபோல் மூன்றையும் விரித்துக் காட்டினார். தெரிந்தெடுப்பது மட்டும் டாக்டர்.

நான் மூன்றாவதைக் கேட்டேன். ஏன் என்றார். இந்த மனுஷனை எனக்குத் தெரியும் என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? இரண்டு பல் பிடுங்கப் போய் ஒன்றோடு எழுந்து வந்தவர். மற்றது வலிக்கவில்லையாம். அது இன்னும் வாயில் இருக்கிறது, கறுப்பாக.

"தெகம எகட பே, அக்கே" என்றார் டாக்டர். இரண்டும் சேர்த்து முடியாது. முதல் வழிதான். குடல் முடிந்து உடம்பு தேறினால் ஈரலுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே வந்ததும் இவர் சொன்ன முதல் வார்த்தை "பசிக்குது". பணிஸ், பிளேன் டீ.

பெப்ரவரி 16, ஞாயிறு

வெயில். சபை. ரப்பர் சீட்டுக்குப் புகை போட்ட பழைய ஸ்டோரில்தான் நடக்கிறது. பாட்டுச் சத்தத்தோடு புகை வாசமும் வரும். இவர் ஞானஸ்நானத்துக்கு முங்கி நாலைந்து வருஷம். அங்கே பெயர் யோசுவா. தோட்டத்தில் பேர் பதிகிற செக்ரோலில் இன்னும் சந்திரன். நான் முங்கவில்லை. கூடப் போவேன், பின்வரிசையில் உட்காருவேன், பாட்டு நன்றாயிருந்தால் பாடுவேன்.

பாஸ்டர் இவர் தலையில் கைவைத்து அழுது ஜெபித்தார். மற்றவர்களும் அழுதார்கள். வெளியே வரும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "நீங்களும் முங்கிட்டா சீக்கிரம் கேப்பாரும்மா" என்றது. கேட்கிறவர் முங்காமலே கேட்கட்டும். வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன்.

கோழி ஒன்றைக் காணோம். கீரி.

மார்ச் 9

கொண்டுபோக: சாரம் 2, துவாய், பிளாஸ்க், சவர்க்காரம், பழைய பெட்சீட், கிளினிக் காட், அவர் பைபிள், என் மூக்குக் கண்ணாடி. கண்ணாடியைக் காணோம். தேட வேண்டும்.

மார்ச் 13

குடல் ஆபரேசன் முடிந்தது. காலையில் கொண்டுபோனார்கள், பின்னேரம் வெளியே. வயிற்றில் மலம் போகப் பை வைக்கவில்லை. அதுவே பெரிய நிம்மதி.

இரத்தம் வேண்டும் என்றபோது பாஸ்டர்தான் கொடுத்தார். ருவான்வெல்லையிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொழும்பு வரைக்கும். கொடுத்துவிட்டு வாசலில் முழங்காலில் நின்றார். இதனால் அந்த மனுஷனை எனக்கு முழுதாக வெறுக்கவும் முடியாது. தொல்லை.

மே 5

விடிய விடிய மழை, விடிந்தும் மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. ஆண்கள் லயத்து வீட்டு வாசலில் குந்திக்கொண்டு அரை நாள் சம்பளத்துக்கு அரைப் பேராவது போடுவார்களா என்று கணக்கப்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது தடவை மருந்து ஏற்றி வந்தோம். பச்சைத் தண்ணீர் தொட்டால் விரல் சுர்ரென்று பிடிக்கிறதாம். தண்ணீர்ப் பீலியில் குளிக்க முடியாது. வெந்நீர் போட்டே விறகு தீர்ந்துவிட்டது. ரப்பர் விறகு நனைந்து புகைகிறது, எனக்குக் கண் எரிகிறது, அவருக்கு வாந்தி.

ஆனால் சாப்பிடுகிறார். மாசிச் சம்பல் கேட்கிறார். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. மல்லிகா, "அண்ணன் மாப்பிள்ள மாதிரி ஆயிட்டாரு" என்றாள். சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் கறுத்த பல்லைப் பார்த்தேன்.

ஜூன் 20

தூறல். கொழும்பு. நிரோஷா (இனி நி. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது) அவிசாவளை காமெண்ட்ஸில் தையல் வேலைக்கு லீவு போட்டு வந்தாள். ஸ்கேன் முடிவு: ஈரலில் இரண்டும் சுருங்கியிருக்கின்றன. டாக்டர் சிரித்தது இன்றைக்குத்தான். சுருங்கியதுதான், போகவில்லை, இப்போதுதான் வெட்ட நல்ல நேரம், மிச்ச ஈரல் பிறகு வளர்ந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். திகதி கொடுத்தார். ஜூலை 22, வாட்டுக்கு வர வேண்டும்.

நி. அழுதாள், சந்தோஷத்தில். இவர் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்றைக்கு வாய் திறந்தது அதற்கு மட்டும்தான். "சுருங்கினது இன்னும் சுருங்குமா?" மருந்தால் மட்டும் போகாது என்றார் டாக்டர். தலையாட்டினார்.

ஜூன் 29, ஞாயிறு

மழை. கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் மைக்கும் சரியாகக் கேட்கவில்லை. கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சொல்கிற சாட்சி நேரத்தில் இவர் எழுந்தார். எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டு சொன்னது:

"எனக்கு கேன்சர் இருந்துச்சு. கொடல்ல இருந்துச்சு, ஈரல்ல இருந்துச்சு. கொடல்ல இருந்தத டாக்டர் எடுத்தாங்க. ஈரல்ல இருந்தத ஆண்டவர் எடுத்துட்டாரு. இனி கத்தி வேணாம்னு எனக்கு வெளிப்படுத்திட்டாரு."

அல்லேலூயா என்று ஸ்டோரே அதிர்ந்தது. பாஸ்டர் கட்டிப்பிடித்தார். என் பையில் 22ஆம் திகதி எழுதிய கிளினிக் காட். நான் பின்வரிசையில் உட்கார்ந்து அதன் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே சாட்சி சொன்னால் சொன்னதுதான். குணமானேன் என்று எழுந்து நின்றவன் திரும்ப மருந்துக்குப் போனால் விசுவாசத்தில் விழுந்துவிட்டான் என்பார்கள். மல்லிகாவின் கொழுந்தன் சீனி வருத்தம் போய்விட்டதென்று சாட்சி சொன்னவன். மாத்திரையை இன்றுவரை மாட்டுப் பட்டிக்குள் போய் நின்று குடிக்கிறான், தோட்டம் முழுக்கத் தெரியும். மாத்திரையை ஒளித்துக் குடிக்கலாம். ஈரலை ஒளித்து வெட்ட முடியாது.

ஜூன் 30

பேசினேன். பிள்ளைக் காம்பராவிலிருந்து வந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல்.

"என்னாங்க, டாக்டர் சுருங்கியிருக்குன்னுதானே சொன்னாங்க. இல்லாம போச்சுன்னா சொன்னாங்க?"

"டாக்டர் பாக்குறது படம். ஆண்டவர் பாக்குறது உள்ள."

"அப்ப கொடலுக்கு மட்டும் ஏன் போனீங்க?"

"அப்ப எனக்கு விசுவாசம் இல்ல."

"இப்ப போய் வெட்டிக்கிட்டு வந்து, அப்பறம் சாட்சி சொல்லுங்க. யாரு வேணாங்குறா."

"சொல்லிட்டு போய் படுத்தா, ஜனம் என்னா சொல்லும் ராணி? ஆண்டவர பொய்யராக்க சொல்றியா?"

இதற்கு என்ன பதில் இருக்கிறது? இருந்தால் யாராவது எழுதி அனுப்புங்கள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன். பக்கத்து லயத்தில் டீவி நாடகம், யாரோ யாரையோ விஷம் வைத்துக் கொல்கிறார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

மழை விட்டுவிட்டு. மேல் டிவிசனிலிருந்து ஒரு குடும்பம், பிறகு தெஹியோவிட்டயிலிருந்து ஒரு கடைக்காரர். இவர் கைவைத்து ஜெபிக்க வேண்டுமாம். எங்கள் லயத்துக் காம்பராவில் இருந்த ஒரே கதிரையில் இவர் உட்கார்ந்தார். நான் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி.

முப்பது வருஷமாக இவர் பெயரைச் சத்தமாகச் சொன்னது காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் கங்காணி மட்டும்தான், அதுவும் ஏச. இப்போது "யோசுவா அண்ணே, யோசுவா ஐயா". முதுகு நிமிர்ந்துவிட்டது. எனக்குக் கோபம் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. ஓப்பநாயக்க ஊர் ஜெபக் கூட்டத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். என்றைக்கு என்று கேட்டேன். 21, 22, 23.

ஜூலை 9

நானே ருவான்வெல்லைக்குப் போனேன், பாஸ்டர் வீட்டுக்கு. வாசலில் ரம்புட்டான் மரம், சிவப்பாய்க் காய்த்திருக்கிறது. ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டுதான் சண்டை போட்டேன்.

"நான் போக வேணாம்னு ஒரு நாளும் சொல்லலியே சகோதரி."

"போங்கன்னும் சொல்லலியே பாஸ்டர்."

ஒரு ரம்புட்டானை எடுத்துத் தோலை உரித்தார். சாட்சிக்குப் பிறகு சபைக்கு ஆட்கள் கூடியிருக்கிறார்கள், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு, "அவரு எந்திரிச்சு அப்பிடி சொல்லுவாருன்னு எனக்கே தெரியாது" என்றார். பொய் இல்லை என்று பட்டது.

"அப்ப மைக்கில சொல்லுங்க. வீட்ல வந்து காதுல சொல்லாதீங்க. அவரு மைக்கிலதான் சொன்னாரு."

அவர் மனைவி உள்ளேயிருந்து, "சொல்லுங்களேன், ஒரு உசுரு" என்றது. சரி என்றார்.

ரம்புட்டான் நல்ல இனிப்பு.

ஜூலை 13, ஞாயிறு

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதை மறுக்கக் கூடாது. வியர்த்துப் போய், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு: டாக்டரையும் ஆண்டவர்தான் கொடுத்திருக்கிறார், யோசுவா சகோதரன் ஆஸ்பத்திரிக்குப் போவது விசுவாசக் குறைவு இல்லை, நானே கூடப் போகிறேன். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது இவர் பேசவே இல்லை. ரப்பர் மலை முழுக்க ஈரம், அட்டை. மனசு மாறுகிறது என்று நினைத்தேன். லயத்துக்குக் கிட்ட வந்து நின்று சொன்னார்:

"பாஸ்டருக்கே விசுவாசம் தளருது. இது எனக்கு வச்ச சோதனை. அவருக்காகவும் நான் ஜெபிக்கணும்."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே காலில் இருந்த அட்டையைப் பிடுங்கினேன். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். இவருக்குச் சாமியைக் காட்டினது பாஸ்டர், இப்போது இவர் பாஸ்டரைவிடப் பெரிய பாஸ்டர்.

ஜூலை 22

இவர் நேற்றே ஓப்பநாயக்க. வெள்ளைச் சட்டையை நான்தான் அயர்ன் பண்ணிக் கொடுத்தேன். மாட்டேன் என்றிருக்கலாம். கசங்கிய சட்டையோடு போயிருப்பார், அவ்வளவுதான்.

நான் தனியாகக் கொழும்பு. வாட்டில் கட்டில் ஒதுக்கி வைத்திருந்தார்கள், விரிப்பு விரித்து. நர்ஸ் "பேசன்ட் எங்கே" என்றாள். வரவில்லை என்றேன். ஏன் வந்தீர்கள் என்றாள். அதுவும் நியாயமான கேள்வி. அந்தக் கட்டிலை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வயசான சிங்கள ஐயா, என்னைப் பார்த்துக் கும்பிட்டார், நான் ஏதோ விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்து.

டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தேன். உள்ளதைச் சொன்னேன். சாட்சி என்பதைச் சிங்களத்தில் விளங்கப்படுத்தக் கஷ்டப்பட்டேன். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை. "அன்றைக்கு இரண்டும் சேர்த்துச் செய்யச் சொன்னீர்களே, இதற்காகவா?" என்றார். ஆமாம் என்றேன். உடம்பைப் பார்த்துத்தான் வழி சொன்னேன், ஆளைப் பார்க்கவில்லை என்றார். பிறகு, சேர்த்துச் செய்திருந்தால் மேசையிலேயே போயிருக்கவும் கூடும் என்றார். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். எனக்கு இரண்டாலும் பிரயோசனம் இல்லை.

இன்னொரு திகதி கொடுத்தார். அதற்கு முன் ஸ்கேன். பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் ஜன்னலைச் சாத்தினாள், மழை முகத்தில் அடிக்கிறது என்று நினைத்து.

ஆகஸ்ட் 19

இரண்டாவது திகதியும் போய்விட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நி. போனில் கத்தினாள், "அப்பாவ கட்டி தூக்கிட்டு போங்க." நான் யாரைக் கூப்பிட்டுக் கட்டுவது?

பிள்ளைக் காம்பராவில் மூன்று பேருக்குச் சளி. ஒருத்தி என்னைக் கடித்துவிட்டாள்.

செப்டம்பர் 10

வலது விலாவுக்குக் கீழே நோவு. இரண்டு கிழமையாக மறைத்திருக்கிறார். சாப்பாடு குறைந்தபோதே எனக்குத் தெரியும். நி. வந்து காலைப் பிடித்து அழுதபிறகு ஸ்கேனுக்கு வந்தார்.

ஈரலில் இரண்டு பக்கமும். எண்ணச் சொல்லிக் கேட்கவில்லை. டாக்டர் இந்த முறை தாள் எடுத்து வரையவில்லை. முதலில் குடலா, முதலில் ஈரலா, இரண்டும் சேர்த்தா என்ற பேச்சே இல்லை. வெட்ட முடியாது. மருந்து ஏற்றிக் கொஞ்ச நாள் தள்ளலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர்: "யாருகிட்டயும் சொல்லாத."

சரி என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் வெயில், பின்னேரம் இடி. இவர் சபைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினோம். கண் மஞ்சள்.

பின்னேரம் ருவான்வெல்லைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி. அவருக்கு நாற்பது இருக்கும், பால் வெட்டுகிறவர்தான், விரலெல்லாம் கறை. அவருக்கும் குடலில் கட்டி. வருகிற கிழமை ஆபரேசன், கிளினிக் காட் சட்டைப் பையில் தெரிந்தது. இவர் படுத்தபடியே கையை நீட்டித் தலையில் வைத்து ஜெபித்தார். முடிந்ததும் அந்த மனுஷன் கேட்டார்:

"அண்ணே, போகவா, வேணாமா?"

நான் அடுப்படியில் நின்றுவிட்டேன். இவர் கண்ணை மூடிக்கொண்டே, "விசுவாசிச்சா போதும் தம்பி" என்றார்.

அந்த மனுஷன் முகம் தெளிந்துவிட்டது. பரீட்சை இல்லை என்று கேட்ட பிள்ளைபோல.

அவர்கள் இறங்கிப் போகும்போது பின்னாலேயே ஓடினேன். பீலியடியில் அந்தப் பெண் தனியாக நின்று கால் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். ஈரல் முழுக்க இருக்கிறது, இனி வெட்டவும் முடியாது, தயவு செய்து கூட்டிக்கொண்டு போ.

அவள் அதிர்ச்சியடையவில்லை. "மூஞ்சிய பாத்தாலே தெரியுதேக்கா" என்றாள். "எங்க வீட்டுக்காரரு இங்க வந்தது விசுவாசத்துக்கு இல்ல. பயம். போக வேணாம்னு சொல்ல அவருக்கு ஒரு ஆளு வேணும். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தாரு."

"அப்ப என்னா செய்யப் போற?"

"எங்க அண்ணன்மாரு ரெண்டு பேரு வேன் பேசிட்டாங்க. அவருக்குத் தெரியாது. இழுத்துட்டாவது போவோம்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே வந்தேன். முழித்துக்கொண்டுதான் இருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஆண்டவரைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், டாக்டரைப் பற்றி, பாஸ்டரைப் பற்றி, ஜனத்தைப் பற்றி. இதை மட்டும் கேட்டதில்லை.

"ஆபரேசனுக்குப் பயந்தீங்களா?"

கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஆமா. மொத தடவ மயக்கம் குடுக்க முந்தி அந்த மேசையில கிடந்தேன் பாரு. அப்பவே, இனி செத்தாலும் இங்க வர மாட்டேன்னு நெனச்சுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பயம்னு சொல்லியிருந்தா நீ இழுத்துட்டு போயிருப்ப. ஆண்டவர்னு சொன்னா இழுக்க மாட்டன்னு தெரியும்."